காவலனைத் தேர்ந்தெடுத்தல்: வீட்டுக் கணினிக் காப்பு மென்பொருளின் நாற்பதாண்டு வரலாறு

சென்ற ஆண்டு ஆய்வேட்டின் ஓர் இயலை அச்சிடுவதற்காக விடுதிக்கு அருகிலுள்ள ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவுடன் சென்றேன். அறைக்குத் திரும்பி அதை மடிக்கணினியில் செருகியபோது, அதிலிருந்த கோப்புறைகள் அனைத்தும் ஒரே அளவுள்ள குறுக்குவழிக் குறிகளாக மாறியிருந்தன. அவற்றுள் ஒன்றைப் பழக்கத்தினால் சொடுக்கிவிட்டேன். சற்று நேரத்தில் மடிக்கணினியோடு இணைந்திருந்த வெளி வன்தட்டிலும் அதே நிலை. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் மத்திய திராவிட மொழி ஒன்றைப் பேசும் மூதாட்டி ஒருவரிடம் நான் எடுத்த 14 மணிநேர ஒலிப்பதிவு அந்த வன்தட்டில்தான் இருந்தது. பதிவு முடிந்த அடுத்த மழைக்காலத்தில் அவர் மறைந்துவிட்டார். அப்பதிவுக்கு வேறு படி என்னிடம் இல்லை.

நண்பர்கள் "ஃபார்மட் செய்துவிடு" என்றார்கள். கணினி அறிவியல் துறையைச் சேர்ந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் அதைத் தடுத்து, கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன என்று விளக்கி, ஒரு வரிக் கட்டளையில் அவற்றை மீட்டுத் தந்தார். பின்னர் அவர் கேட்டார்: "ஆன்டிவைரஸ் இல்லையா?" இருந்தது. பணம் கொடுத்து வாங்கியதுதான். சந்தா முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பணிப்பட்டையின் மூலையில் அதன் குறி மட்டும் காவல் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தது.

அந்த நிகழ்ச்சியைக் கேள்விப்பட்ட இளம் ஆய்வாளர்கள் அன்றுமுதல் என்னிடம் கேட்பது ஒன்றே: "வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" நான் கணினி வல்லுநர் அல்லன், மொழியியல் பயின்றவன். எனவே விலைப்பட்டியலை விட்டுவிட்டு வரலாற்றைப் படித்தேன். எதற்காக இம்மென்பொருள்கள் தோன்றின, எதை அவற்றால் செய்ய இயலும், எதை ஒருபோதும் இயலாது என்பவை தெரியாமல் தேர்வு என்பது விளம்பரத்துக்கு அடிபணிதலே. படித்தவற்றின் சாரத்தை இங்கே தருகிறேன்.

தன்னைத்தானே படியெடுக்கும் இயந்திரம் என்ற கருத்து கணினியின் இளமைக்காலத்திலேயே தோன்றிவிட்டது. ஜான் வான் நாய்மன் 1949-இல் இதுபற்றி விரிவுரையாற்றினார். அவர் மறைந்த பின் 1966-இல் அது நூலாக வந்தது. நடைமுறையில் 1971-இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் பாப் தாமஸ் என்பவர் 'க்ரீப்பர்' என்னும் நிரலை உலவவிட்டார். அது கணினி விட்டுக் கணினி தாவி, 'முடிந்தால் என்னைப் பிடி' என்னும் பொருள்பட ஒரு வரியைக் காட்டியது, தீங்கேதும் செய்யவில்லை. அதைத் துரத்தி அழிக்க 'ரீப்பர்' என்ற நிரல் எழுதப்பட்டது. எழுதியவர் மின்னஞ்சலில் @ குறியை அறிமுகப்படுத்திய ரே டாம்லின்சன். ஓடுபவனும் துரத்துபவனும் ஒரே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும், துரத்திய நிரலும் தானே வலையமைப்பில் தாவிச் சென்ற நிரல்தான் என்பதும் கவனிக்கத்தக்கவை. காவலுக்கும் தாக்குதலுக்கும் தொழில்நுட்ப அளவில் உள்ள நெருக்கம் அன்றே வெளிப்பட்டுவிட்டது.

'வைரஸ்' என்ற பெயர் 1983-இல் கணினி ஆய்வுலகில் நிலைபெறத் தொடங்கியது. தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோஹன் என்ற ஆய்வு மாணவர், பிற நிரல்களுக்குள் தன் படியை நுழைக்கும் நிரல் ஒன்றைச் செய்துகாட்டினார். அதற்கு இப்பெயரைப் பரிந்துரைத்தவர் அவருடைய ஆசிரியர் லெனர்டு ஏடல்மன், ஆர்.எஸ்.ஏ. குறியாக்க முறையின் மூவருள் ஒருவர். இலத்தீனில் 'வைரஸ்' என்றால் நஞ்சு. தமிழில் 'நச்சுநிரல்' என்று ஆக்கியவர்கள், அறிந்தோ அறியாமலோ, அச்சொல்லின் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டனர். ஆனால் ஏடல்மன் கருதியது நஞ்சை அன்று, பெருகும் கிருமியை. நஞ்சு ஒருவரோடு முடியும். கிருமி ஒருவரிடமிருந்து ஊருக்குப் பரவும். 'என் கணினியில் பெரிதாக ஒன்றுமில்லை, வந்தால் வரட்டும்' என்று நாம் அலட்சியமாகப் பேசும்போது கிருமியை நஞ்சாக எண்ணிக்கொள்கிறோம். நம் பென்டிரைவ் அடுத்தவர் கணினியிலும் செருகப்படும் என்பதை மறந்துவிடுகிறோம்.

கோஹன் தம் சோதனையை ஐந்து முறை நடத்தினார். ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரத்துக்குள் அமைப்பின் முழு அதிகாரமும் நிரலின் கைக்கு வந்துவிட்டது. ஒரு முறை ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே ஆயிற்று. ஆனால் அவர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையின் நிலைத்த பங்களிப்பு இதுவன்று. எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் நிரல் ஒன்று இருக்கவே முடியாது என்று அவர் நிறுவினார். வாதம் எளியது. அத்தகைய கண்டறியும் நிரல் ஒன்று உண்டு என்று கொள்வோம். இப்போது அக்கண்டறிவானைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, 'அது என்னை வைரஸ் என்றால் பரவமாட்டேன். வைரஸ் அன்று என்றால் பரவுவேன்' என்று நடக்கும் நிரல் ஒன்றை எழுதலாம். கண்டறிவான் எந்த விடை சொன்னாலும் அது பிழையாகும். 'நான் சொல்வது பொய்' என்னும் கூற்றின் முரணைப் பொருண்மையியல் வகுப்பில் படித்த எவருக்கும் இந்தக் கட்டமைப்பு விளங்கும். ஆகவே நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால், அப்பெட்டியைத் தயங்காமல் கீழே வைத்துவிடலாம். அது விற்பனையாளரின் நேர்மை பற்றிய கேள்வி மட்டுமன்று, கணிதத்தின் எல்லை.

இக்கருத்து ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக் கணினிக்கு வந்த பாதை நம் அண்டை நாட்டு வழியே சென்றது. அதற்கு முன்பே, 1982-இல், ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயது அமெரிக்கப் பள்ளி மாணவன் ஆப்பிள் கணினிக்கு 'எல்க் குளோனர்' என்ற விளையாட்டு வைரஸை எழுதியிருந்தான். ஐ.பி.எம். வகைக் கணினிகளில் உலகெங்கும் பரவிய முதல் வைரஸோ 1986-இல் லாகூரில் பிறந்த 'பிரெய்ன்'. பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்னும் சகோதரர்கள் அங்கே ஒரு கணினி நிறுவனம் நடத்தினர். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுப் படி எடுப்பதைக் கண்காணிக்கவே இதை எழுதியதாக அவர்கள் பின்னர் கூறினர். 360 கிலோபைட் நெகிழ்வட்டின் தொடக்கப் பிரிவில் அது குடியேறும். யாரேனும் அப்பிரிவைப் படிக்க முயன்றால், வேறிடத்தில் எடுத்துவைத்த பழைய நல்ல பிரிவைக் காட்டித் தன்னை மறைத்துக்கொள்ளும். நிரலுக்குள் தங்கள் பெயர், லாகூர் முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் அவர்கள் எழுதிவைத்திருந்தனர். 'இந்த வைரஸிடம் எச்சரிக்கையாக இருங்கள். தடுப்பூசிக்கு எங்களை அணுகுங்கள்' என்ற பொருளில் ஓர் அறிவிப்பும் அதிலேயே இருந்தது.

ஒரே அறிவிப்பில் நோயும் தடுப்பூசியும் ஒரே முகவரியோடு வந்த இந்த ஆவணம், பின்வந்த நாற்பதாண்டு வணிகத்தின் மொழியையே தீர்மானித்துவிட்டது எனலாம். மருத்துவ உருவகம் வலுவானது. நோய் என்றால் அச்சம் வரும். அச்சம் வந்தால் மருந்தின் விலையை யாரும் கேட்பதில்லை.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் தொடக்ககாலத்திலேயே பங்கு உண்டு. 1990-இல் இங்கே கண்டறியப்பட்ட 'ஜோஷி' என்னும் வைரஸ், நெகிழ்வட்டோடு வன்தட்டையும் தொற்றியது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 5 அன்று கணினியை நிறுத்தி, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டச்சிடச் சொல்லும். வாழ்த்தைச் சரியாகத் தட்டச்சிட்டால் கணினி விடுபடும். அதைத் தட்டச்சிட்டு வாழ்த்திய பல நாட்டினருக்கு அந்த ஜோஷி யாரென்று தெரியாது.

1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் வெளியிட்ட புழுநிரல், அன்றைய இணையத்தில் ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியது என மதிப்பிடப்பட்டது. இணைந்திருந்தவையே சுமார் 60,000 என்பதால் இது பத்தில் ஒரு பங்கு. அதன் விளைவாகக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலைக் குழு ஒன்று அமைந்தது. இந்தியாவின் 'செர்ட்-இன்' அமைப்பு 2004-இல் இதே வழியில் உருவானதுதான்.

இதே காலத்தில் காப்பு மென்பொருள் ஒரு தொழிலாயிற்று. 1987-இல் ஜான் மெக்காஃபி தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் அதே ஆண்டு இரண்டு இளைஞர்கள் 'நாட்' என்ற நிரலை எழுதினர். 'வட்டின் ஓரத்து மருத்துவமனை' என்று பொருள்படும் ஸ்லோவாக் தொடரின் சுருக்கம் அது. ஊரின் ஓரத்து மருத்துவமனையைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் பெயரைத் தழுவிய சொல் விளையாட்டு. அவாஸ்ட், ஏ.வி.ஜி. ஆகியவையும் அதே நாட்டில் தோன்றின. மாஸ்கோவில் 1989-இல் தம் கணினியில் 'கேஸ்கேட்' வைரஸைக் கண்ட யூஜீன் காஸ்பர்ஸ்கி அதை ஆராயத் தொடங்கி, 1997-இல் தம் பெயரிலேயே நிறுவனம் அமைத்தார். நார்ட்டன் ஆன்டிவைரஸ் 1991-இல் வெளிவந்தது.

சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் கேசவர்தனன் நிறுவிய கே7 கம்ப்யூட்டிங் வளர்ந்தது. அதன் தொழில்நுட்பம் ஜப்பானில் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் பெயரில் பரவலாக விற்பனையானது. புனேயில் கணக்கிடும் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த கைலாஷ் காட்கரும், கணினி அறிவியல் படித்த அவர் தம்பி சஞ்சய் காட்கரும் 1990-களின் நடுவில் 'குவிக் ஹீல்' மென்பொருளை உருவாக்கினர். பழுதுபார்க்க வந்த கணினிகளில் மீண்டும் மீண்டும் வைரஸ் இருந்ததே அதற்குத் தூண்டுகோல். பழுதுக் கடையிலிருந்து பிறந்த மென்பொருள், இந்தியாவெங்கும் பழுதுக் கடைகளின் வழியாகவே விற்பனையானதில் வியப்பில்லை. இன்றும் நம்மில் பலர் ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுப்பதில்லை. கணினி விற்பவர் எதைக் கொடுக்கிறாரோ அதை வாங்கிக்கொள்கிறோம்.

இந்த மென்பொருள்கள் வேலை செய்த முறையை ஓர் அகராதிக்கு ஒப்பிடலாம். பிடிபட்ட ஒவ்வொரு தீநிரலிலிருந்தும் அதற்கே உரிய ஒரு பைட் தொடரை எடுத்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். கணினியிலுள்ள கோப்புகளை அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அகராதி எப்போதும் வழக்குக்குப் பின்னால்தான் வரும். யாரோ ஒருவர் முதலில் பாதிக்கப்பட்டு, மாதிரி கிடைத்து, பதிவான பிறகே அடுத்தவருக்குப் பாதுகாப்பு. 1990-களின் தொடக்கத்தில், ஒவ்வொரு தொற்றிலும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் வந்தன. பொருள் ஒன்று, சொல்வடிவம் ஒவ்வொரு முறையும் வேறு. அப்போது அகராதி போதாமல் இலக்கணம் தேவைப்பட்டது. நிரலின் நடத்தையைப் பார்த்து, 'இப்படி நடப்பவை பெரும்பாலும் தீயவை' என்று ஊகிக்கும் முறைகள் வளர்ந்தன. இன்று ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட் ஆய்வகம் நாளொன்றுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீநிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவுசெய்வதாகக் கூறுகிறது. இவ்வெண்ணிக்கையை எந்த அகராதியும் தனித்துத் தாங்காது. இற்றைப்படுத்தப்படாத ஆன்டிவைரஸ், எனக்கு நேர்ந்ததுபோல், இறந்த மொழியின் அகராதியாகவே எஞ்சும்.

அச்சத்தின் வணிகத்தையும் வரலாறு பதிவுசெய்துள்ளது. 1992 மார்ச் 6 அன்று 'மைக்கேலாஞ்சலோ' வைரஸ் வன்தட்டுகளை அழிக்கும் என்று செய்தித்தாள்கள் முழங்கின; 50 இலட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்ற மதிப்பீடும் உலவியது. உண்மையில் பாதிக்கப்பட்டவை சில பத்தாயிரம் என்ற அளவைத் தாண்டவில்லை. ஆனால் அதற்குள் காப்பு மென்பொருள் விற்பனை உயர்ந்துவிட்டது. அடுத்த தலைமுறையில் இதன் சீரழிந்த வடிவம் தோன்றியது: 'உங்கள் கணினியில் 300 வைரஸ்கள் உள்ளன, உடனே வாங்குக' என்று திரையில் துள்ளும் போலி ஆன்டிவைரஸ்கள். 2008-இல் அமெரிக்க வணிக ஆணையம் இத்தகைய போலி விற்பனையாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது. காவலன் வேடத்தில் திருடன் வந்தான். அச்சத்தின் மொழிக்கு நாம் பழகிப்போயிருந்ததால் அவனை உள்ளே விட்டோம்.

மற்றொரு கிளையையும் இங்கே சொல்ல வேண்டும். 1989 டிசம்பரில் ஜோசப் பாப் என்ற உயிரியலாளர், எய்ட்ஸ் நோய்த் தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 நெகிழ்வட்டுகளை அஞ்சலில் அனுப்பினார். அதை நிறுவிய கணினி ஏறத்தாழ 90 முறை இயக்கப்பட்ட பின், கோப்புகளின் பெயர்களைக் குழப்பி மறைத்துவிட்டு, பனாமாவில் ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. பணயத் தொகை கேட்கும் தீநிரலின் முன்னோடி இதுவே. அதில் உள்ளடக்கம் அழியவில்லை, பெயர்கள்தாம் சிதைந்தன. எனவே மீட்பு நிரல்கள் விரைவில் எழுதப்பட்டன. என் பென்டிரைவில் நேர்ந்ததும் ஏறத்தாழ இதே வகைதான். இன்றைய பணயநிரல்களோ உள்ளடக்கத்தையே வலிய குறியாக்கத்தால் பூட்டுகின்றன. ஒரு வரிக் கட்டளையில் மீட்கும் அதிர்ஷ்டம் அப்போது வாய்க்காது.

1999 ஏப்ரல் 26 அன்று 'செர்னோபில்' என்று அழைக்கப்பட்ட சி.ஐ.ஹெச். வைரஸ் ஆசிய நாடுகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய அது, வன்தட்டின் தொடக்கப் பகுதியை மட்டுமின்றிக் கணினியின் அடிப்படைச் சில்லில் உள்ள நிரலையும் அழித்தது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் மிகைப்பட்ட உறுதிமொழிகளுக்கு அறைகூவலாகவே அதை எழுதியதாக அவர் கூறினார். மறு ஆண்டு மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழுநிரல், காதல் கடிதம் என்ற பெயரில் அஞ்சல்பெட்டிகளுக்குள் நுழைந்தது. அதை உருவாக்கியவரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டமே இல்லை.

நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஜூன் 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 43-ஆம் பிரிவு 'கணினி வைரஸ்' என்பதையும் 'கணினி மாசுபடுத்தி' என்பதையும் தனித்தனியே வரையறுக்கிறது. கோஹனின் வரையறைக்குத் தன்னைப் படியெடுத்தல் இன்றியமையாதது. நம் சட்டத்துக்கோ கணினியின் செயல்பாட்டைக் கெடுப்பதே போதும். பெருகவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பொதுமக்கள் வழக்கில் எல்லாத் தீநிரலும் 'வைரஸ்' ஆகிவிட்டதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது என்றே இதைப் படிக்கலாம்.

இதற்குப் பிறகுதான் வரலாற்றின் முக்கியத் திருப்பம் வருகிறது. காப்பு என்பது தனியே வாங்கிச் சேர்க்கும் பொருள் என்ற நிலை மெல்ல மாறி, இயங்குதளத்தின் கடமை ஆயிற்று. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர்களுக்கு எழுதிய மடலில் பாதுகாப்பே முதன்மை என்று அறிவித்தார். 2003-இல் மைக்ரோசாஃப்ட் ருமேனியாவின் ஜீகேட் நிறுவனத்திடமிருந்து ஆன்டிவைரஸ் தொழில்நுட்பத்தை வாங்கியது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் தொகுப்பில் தீச்சுவர் தானாகவே இயங்கத் தொடங்கியது. 2009-இல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' இலவசமாக வழங்கப்பட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது 'டிஃபெண்டர்' முழுமையான ஆன்டிவைரஸாக உள்ளேயே அமைந்தது. தொடக்கத்தில் தனிநிலை ஆய்வகச் சோதனைகளில் அது பின்தங்கியே இருந்தது. சில ஆண்டுகளில் கட்டண மென்பொருள்களோடு ஒப்ப முதல் வரிசைக்கு வந்துவிட்டது.

நம் நாட்டுச் சூழலில் பென்டிரைவின் இடம் தனித்தது. இணையம் மெதுவாகவும் விலை கூடுதலாகவும் இருந்த ஆண்டுகளில் நம் கல்விநிலையங்களின் உண்மையான வலையமைப்பு பென்டிரைவ்தான். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்து எழுதப்பட்டது. பென்டிரைவ் வழியே பரவியது. சைமன்டெக் நிறுவனத்தின் கணக்கில், ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடியாக மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடு இந்தியா. நம்மை யாரும் குறிவைக்கவில்லை. நம் பழக்கமே அதற்குப் பாதை அமைத்துத் தந்தது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், பென்டிரைவிலுள்ள நிரல் தானே ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. தானே ஓடமுடியாத தீநிரல், குறுக்குவழிக் குறியாக வேடமிட்டு நம் கையாலேயே சொடுக்கவைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டது.

2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' பணயநிரல் தரும் பாடம் இன்னும் தெளிவானது. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே அடைத்திருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளியில் அந்த இற்றையை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே மிகுதியாக வீழ்ந்தன. திருட்டு விண்டோஸ் வைத்திருப்போர் இற்றைகளை அஞ்சி நிறுத்திவைப்பதும், ஆய்வு மென்பொருள்களின் உடைத்த பதிப்பை நிறுவுவதற்காக ஆன்டிவைரஸை 'ஐந்து நிமிடம்' அணைத்துவைப்பதும் நம் விடுதிகளில் அன்றாடக் காட்சிகள். புள்ளியியல் மென்பொருளின் விலை மாணவனின் உதவித்தொகைக்கு எட்டாதது என்பதை அறிவேன். அந்த ஐந்து நிமிடத்தின் விலை அதைவிடக் கூடுதல் என்பதையும் இப்போது அறிவேன்.

இனி, காவலனையே நம்பலாமா என்ற பழைய கேள்வி. யூனிக்ஸை உருவாக்கியவருள் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில், நிரலை மொழிமாற்றும் கருவியிலேயே தீங்கை ஒளித்துவைக்க முடியும் என்று காட்டி, நம்பிக்கை என்பது இறுதியில் நிரலின்மீது அன்று, அதை எழுதிய மனிதர்மீது வைக்கப்படுவது என்ற முடிவுக்கு வந்தார். ஆன்டிவைரஸ் நம் கோப்புகள் அனைத்தையும் படிக்கும்; எதையும் அழிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட பிழையான இற்றை ஒன்று, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாத கோப்பையே வைரஸ் என்று கருதி நீக்கியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் இற்றையினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அவாஸ்ட் தன் பயனர்களின் இணைய உலாவல் தரவுகளைத் துணைநிறுவனம் வழியே விற்றது 2020-இல் வெளியாயிற்று. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் அதற்கு 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்தப் பணித்தது. காஸ்பர்ஸ்கியின் விற்பனையை அமெரிக்க அரசு 2024-இல் தன் நாட்டில் தடைசெய்தது. அங்கே தொழில்நுட்பத் தரத்தைவிட நிறுவனத்தின் நாடே வழக்காயிற்று. அவாஸ்ட் 2016-இல் ஏ.வி.ஜி.யை வாங்கியது. பின்னர் நார்ட்டன், அவீரா, அவாஸ்ட் அனைத்தும் 2022-க்குள் ஒரே குடையின்கீழ் வந்துவிட்டன. கடையில் நான்கு பெட்டிகள், உரிமையாளர் ஒருவர்.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெற்ற முடிவுகளைச் சொல்கிறேன்.

ஆதரவு முடியாத விண்டோஸைச் சட்டப்படி பயன்படுத்தும் மாணவருக்கு, அதனுள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் பெரும்பாலும் போதும். அதை அணைக்காமல் இருப்பதும், இற்றைகளைத் தள்ளிப்போடாமல் ஏற்பதும் தனியே ஒன்றை வாங்குவதைவிட முதன்மையானவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினியில் அதையே வைத்திருப்போர் ஆன்டிவைரஸைப் பற்றி யோசிக்கும் முன் இயங்குதளத்தைப் பற்றி யோசிக்கவேண்டும். லினக்ஸும் ஒரு வழியே.

கட்டண மென்பொருள் வாங்குவதாயின் ஏ.வி.-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்களின் அண்மைய முடிவுகளைப் பாருங்கள். ஒரு முறை பெற்ற முதலிடத்தைவிடத் தொடர்ந்து பல சோதனைகளில் காட்டிய சீர்மை முக்கியம். கண்டறியும் விழுக்காட்டோடு, தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். நல்ல கோப்பைத் திருடன் என்று பிடிப்பவனும் நல்ல காவலன் அல்லன். பணயநிரலிலிருந்து கோப்புறைகளைக் காக்கும் வசதி உண்டா, சந்தா முடிந்தால் மென்பொருள் என்ன செய்யும், நம் தரவுகளை எங்கே அனுப்பும் என்று கேளுங்கள். நிகழ்நேரக் காவல் செய்யும் ஆன்டிவைரஸ்கள் இரண்டை ஒரே கணினியில் நிறுவாதீர்கள், ஒன்றையொன்று ஐயுறும். இலவசம் என்றால் அந்நிறுவனம் எதனால் பிழைக்கிறது என்று கேட்பது குற்றமன்று. ஐயம் எழுந்தால், அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தில் இலவசத் துப்புரவுக் கருவிகள் கிடைக்கின்றன.

ஆனால் இவை அனைத்துக்கும் மேலானது காப்புநகல். கோஹனின் நிறுவல் ஒருநாள் உங்கள் கணினியிலும் உண்மையாகும், காவலன் தவறுவான். அன்று உங்களுக்கு மிஞ்சுவது கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருக்கும் படி ஒன்றே. எப்போதும் செருகியே இருக்கும் வெளி வன்தட்டு காப்புநகல் ஆகாது. நான் அதைத்தான் காப்புநகல் என்று நம்பியிருந்தேன்.

நம் துறைகளில் களப்பணிக்கு முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்கிறார்கள். பதிவுகளைக் கணினியில் எப்படிக் காப்பாய் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒலிப்பதிவுக் கருவிக்கு நிதி உண்டு. இரண்டாவது வன்தட்டுக்கு இல்லை. சில நூறு பேரே பேசும் மொழியொன்றின் கதைகள், ஜெராக்ஸ் கடைக் கணினியின் நிலையைப் பொறுத்துப் பிழைக்கவோ அழியவோ கூடாது. பேசியவர் நம்மை நம்பிப் பேசினார். அந்த நம்பிக்கையில் கணினிக் காவலும் அடங்கும். துறைத்தலைவர்களும் நெறியாளர்களும் இதை ஆய்வு முறையியலின் பகுதியாகவே கற்பிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அந்த 14 மணிநேரப் பதிவு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒரு படி என் அலமாரியில் இணைப்பின்றி, ஒரு படி நெறியாளரிடம், ஒரு படி மூதாட்டியின் பேரனிடம். மூன்றாவது படியைக் கொடுக்கச் சென்றபோது அவர் தம் கைபேசியில் போட்டுக் கேட்டார். முதல் கதை முடியும்வரை வீட்டில் யாரும் பேசவில்லை.